இளையது யாருக்கு

சகாயமேரியின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ராமக்காவின் கை, வலது விலாவுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. விரல்களைக் குவித்து அந்த இடத்தை மெல்ல அழுத்தினாள். பிறகு அடிவயிற்றுக்குப் போய் அங்கே அழுத்தினாள். மறுபடியும் மேலே வந்தாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி அவள். அவள் இப்படித் தயங்கி யாரும் பார்த்ததில்லை.

"என்னா ராமக்கா, ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டாள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியமேரி.

"செத்த சும்மா இரும்மா." ராமக்கா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினாள். "கீழ ஒரு தலை இருக்குது. மேலயும் ஒரு தலை இருக்குது. ரெண்டு கொழந்தம்மா!"

சகாயமேரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முதல் பிரசவத்தை நினைத்தே பயந்துகொண்டிருந்தவளுக்கு ஒன்றுக்கு இரண்டாக வருகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் பாக்கியமேரி சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டா? நல்லாப் பாத்துச் சொல்லு ராமக்கா. ரெண்டுதானா?"

அவள் ஏன் அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டாள் என்பது அப்போது சகாயமேரிக்கு விளங்கவில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துணியில்லை, மண்ணெண்ணெய் இல்லை, சர்க்காருக்குத் தானியம் அளக்காமல் தப்பவும் முடியாது. பாப்பிரெட்டிப்பட்டிக்குத் தெற்கே, சித்தேரி மலையைப் பார்த்தபடி இருந்தது வேதக்காரன்கொட்டாய். கத்தோலிக்கக் குடும்பங்கள் சில சேர்ந்து காடு திருத்திக் குடியேறிய இடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே சின்னப்பனும் அவன் தம்பி இன்னாசியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நடு வாசலுக்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை, பின்னால் பொதுவாக ஒரு சமையல் கொட்டகை. சின்னப்பன் மனைவி பாக்கியமேரி. இன்னாசி மனைவி சகாயமேரி. தாய் இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. இங்கேயேதான் பெற்றாக வேண்டும்.

பாக்கியமேரி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இன்னாசி தவழ்ந்துகொண்டிருந்தான். வந்த வருஷமே வாந்திபேதியில் மாமியார் போய்ச் சேர, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டவள் அவள்தான். பிறகு அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. மூச்சே விடாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, ஒரு வேலாமரத்தடியில் புதைத்தார்கள். அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாக்கியமேரி களியை உருட்டி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குழம்பு ஊற்றினாள்.

"ஏன் அண்ணி ஒரு மாதிரி இருக்கற?" என்றான் இன்னாசி. பெற்ற தாயைக் கேட்பதுபோலத்தான் அவளிடம் எப்போதும் பேசுவான்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஆண்டவரு ஒருத்திக்கு ரெண்டு கையிலயும் குடுக்கறாரு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னாசி கையை வட்டிலிலேயே உதறினான். "அழுவாத அண்ணி. ரெண்டுல ஒண்ணு உனக்கு. நான் சொல்றன். ஒண்ணு உம்புள்ள."

"டேய்," என்றான் சின்னப்பன். "அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டியா?"

"அவ என்னா சொல்லப் போறா? ஒரே வூடுதான?"

மூன்று பேரும் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். அடுப்பங்கரையில் நின்றிருந்த சகாயமேரியின் கையில் களித்துடுப்பு அப்படியே நின்றது. அவள் பேசாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள்.

மறுநாளிலிருந்து பாக்கியமேரிக்குப் புது உயிர் வந்துவிட்டது. கடையில் துணி கிடைக்காத காலத்தில் பிள்ளைகளுக்குத் துணிக்கு எங்கே போவது? பெட்டியின் அடியில் இருந்த தன் கல்யாணச் சேலையை எடுத்து துண்டு துண்டாகக் கிழித்து, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, மிருதுவாகும்வரை அலசிக் காயப்போட்டாள். பஞ்சு வாங்கிக் கொட்டை எடுத்துச் சின்ன மெத்தைகள் தைத்தாள். தன் தாலிச் சரட்டில் இருந்த இரண்டு குண்டுகளை விற்று, பால் கறக்கும் வெள்ளாடு ஒன்றைக் கடத்தூர்ச் சந்தையிலிருந்து பிடித்து வரச் சொன்னாள். கோழி இட்ட முட்டையெல்லாம் சகாயமேரிக்கு. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தேங்காயும் சகாயமேரிக்கு.

"தின்னு சகாயம். நீ தின்னாத்தான ரெண்டுக்கும் போயிச் சேரும்."

தின்னத் தின்ன, யாருக்காகத் தின்கிறோம் என்ற கேள்வி சகாயமேரிக்கு வந்தது. இந்த முட்டை எனக்கா, என் பிள்ளைக்கா, இல்லை, இவளுடைய பிள்ளைக்கா?

ஒருநாள் நெல் எடுக்கப் பாக்கியமேரியின் அறைக்குள் போனாள். உத்தரத்தில் புதுக் கயிறு கட்டித் தூளிக்குத் தயாராகத் தொங்கவிடப்பட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை நீட்டி ஆட்டுகிற தூரத்தில். இழுத்து இழுத்துப் பார்த்து முடிச்சை இறுக்கியிருந்தாள். சகாயமேரி நெல்லை எடுக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

அன்றைக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள். "அக்கா, எது உங்களுக்கு?"

பாக்கியமேரி இதற்காகவே காத்திருந்தவள்போல உடனே சொன்னாள். "மூத்தது உனக்கு. பெத்தவளுக்குத்தான் மூத்தது. பொண்ணோ பையனோ, இளையது எனக்குப் போதும்."

"பால் குடி மறந்தப்புறமா?"

"இல்ல சகாயம். பொறந்ததும் எடுத்துக்கறன். ஆட்டுப்பால் இருக்குது. மடியில போட்டுப் பழகிட்டா அப்புறம் உன்னால குடுக்க முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றன்." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது சகாயமேரிக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எதிர்த்துப் பேச முடியாமல் உலக்கையை ஓங்கி ஓங்கிப் போட்டாள்.

அடுத்த முறை எண்ணெய் தடவ வந்தபோது ராமக்காவிடம் ரகசியமாகக் கேட்டாள். "இதுல எது முன்ன வரும்?"

"கீழ இருக்கறது வழியப் பாத்துட்டு இருக்குது. அது முந்திக்கும். மேல இருக்கறது அப்புறமா வரும். ரெண்டு இருந்தா நாள் பொறுக்காது தாயீ, முந்தியே வந்துடும். மாசம் ஆகறதுக்குள்ள தருமபுரி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிட்டுப் போயிடச் சொல்லு உம் புருசன."

கீழே இருந்தது ஓயாமல் உதைத்தது. மேலே இருந்தது சாது. வலது விலாவுக்கு அடியில் சுருண்டு கிடந்து, எப்போதாவது ஒரு முறை சோம்பல் முறிப்பதுபோலப் புரளும். அதற்கப்புறம் சகாயமேரியின் கை தன்னையறியாமல் அந்த இடத்துக்கே போனது. படுத்தாலும் அங்கே, நடந்தாலும் அங்கே. உதைக்கிற பிள்ளை எப்படியும் தன்னோடு இருக்கப் போகிறது. உதைக்காமல் கிடக்கிற பிள்ளையைத்தான் அவள் நெஞ்சு சுற்றிச் சுற்றி வந்தது.

இன்னாசியிடம் பேசிப் பார்த்தாள். அவன் மாடு பூட்டிக் கவலை இறைத்துவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் குடுக்க மாட்டன்னு சொன்னா என்னாங்க பண்ணுவீங்க?"

அவன் நிமிரவில்லை. "அண்ணி இல்லன்னா நான் ஏது சகாயம்? எனக்கு வாந்திபேதி கண்டப்ப ஊரே கிட்ட வரல. அவதான் மடியில போட்டுட்டுக் கெடந்தா. அந்தப் பொம்பளைக்கு நான் வேற என்னாத்தக் குடுக்கறது? இங்கதான இருக்கப் போவுது. ஒரே கூரை. எந்நேரமும் நீ பாக்கலாம்."

"இங்கதான இருக்கப் போவுதுன்னா, அப்பறம் ஏன் குடுக்கணும்?"

அவன் தண்ணீர் இறைக்கும் தோல்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

ஒரே கூரை என்ற ஆறுதலும் நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாது வந்து வாசலில் நின்று சின்னப்பனிடம் பேசியபோது காதில் விழுந்தது. நல்லம்பள்ளியில் பாக்கியமேரியின் அப்பாவுக்கு வயசாகிவிட்டது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. நிலத்தைப் பார்க்க ஆளில்லை. அறுப்பு முடிந்ததும் சின்னப்பனும் பாக்கியமேரியும் அங்கேயே போய்விடுவது என்று முடிவாகியிருந்தது.

சகாயமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாக்கியமேரி அப்போது முட்டையும் கீரையும் போட்ட தட்டோடு எதிரே வந்தாள்.

"நல்லம்பள்ளிக்குப் போறீங்களா அக்கா?"

தட்டு அந்தரத்தில் நின்றது. "உனக்கு யாரு சொன்னது?"

"போறீங்களா, இல்லியா?"

"எங்கப்பாருக்கு யாரும் இல்ல சகாயம். அங்க நாலு பசு இருக்குது, தண்ணி இருக்குது. புள்ள ராசாவாட்டம் வளரும். நோம்பிக்கு நோம்பி தூக்கிட்டு வரன்..."

"எம் வயித்துல இருக்கறது ஆட்டுக்குட்டி இல்லக்கா, பிரிச்சு ஓட்டிட்டுப் போறதுக்கு!" வீடே அதிரக் கத்தினாள் சகாயமேரி. "நான் குடுக்க மாட்டன். யாரு வாக்குக் குடுத்தாங்களோ அவுங்களே பெத்துக் குடுக்கட்டும். உங்க புள்ள செத்துப் போனதுக்கு எம்புள்ளதான் ஈடா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே காது கூசியது. பாக்கியமேரியின் முகம் சாம்பல் பூத்ததுபோல ஆனது. தட்டை மெல்லக் குனிந்து தரையில் வைத்தாள். வாசலைக் கடந்து தன் அறைக்குப் போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு வந்தது. கீரை வந்தது, முட்டை வந்தது. வைத்துவிட்டுப் போகிற கைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இன்னாசி மனைவியிடம் முறைத்துக்கொண்டு திரிந்தான். சின்னப்பன் எல்லோரிடமும் மாடு கன்றைப் பற்றி மட்டும் பேசினான். சகாயமேரிக்கோ பார்ப்பதெல்லாம் பயமாக இருந்தது. பெற்று மயங்கிக் கிடக்கும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஆண்கள் இரண்டு பேரும் அவர்கள் பக்கம். ராமக்கா ஒருத்தியைத்தான் நம்பலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரி. அங்கே போய்விட்டால் கன்னியாஸ்திரீகள் இருப்பார்கள், கேட்பதற்கு ஆள் இருக்கும்.

வண்டி கட்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மணியக்காரர் வந்து நின்றார். சர்க்காருக்கு அளக்க வேண்டிய லெவித் தானியத்தை உடனே மொரப்பூர் ரயிலடியில் கொண்டுபோய் அளந்தாக வேண்டும், தாசில்தார் உத்தரவு. அண்ணனும் தம்பியும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். "இறக்கிட்டு வந்த கையோட உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறன்," என்றான் இன்னாசி. மாடுகளை அதட்டிக்கொண்டே சொன்னான்.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த காலை. பாக்கியமேரி ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போயிருந்தாள். முதல் வலி வந்தபோது சகாயமேரி அது சூட்டு வலி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வலிக்கு நம்ப முடியவில்லை. அப்போதும் அவள் யாரையும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. திடீரென்று தொடையெல்லாம் நனைந்து, காலடியில் தண்ணீர் ஓடியதும்தான் அந்தக் கணக்கு உடைந்தது.

"அக்கா!"

பதில் இல்லை.

"அக்கா! பாக்கியக்கா!"

யாரை வேண்டாம் என்று துரத்தினாளோ அவளைத்தான் ஊர் கேட்கக் கூப்பிட்டாள். ஆட்டுக் கயிற்றை எங்கேயோ விட்டுவிட்டு, சேலை முள்ளில் கிழிய, பாக்கியமேரி ஓடிவந்தாள். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டாள். "மாது! ராமக்காவக் கூட்டியா, ஓடு! மாடு கன்னு எதுவும் பாக்காத, ஓடு!" என்று வேலிக்கு அப்பால் கத்திவிட்டு, சகாயமேரியைத் தாங்கிப் பிடித்து உள்ளே படுக்கவைத்தாள். அடுப்பில் வெந்நீர் ஏறியது. வேகவைத்து மடித்து வைத்திருந்த கல்யாணச் சேலைத் துண்டுகள் வந்தன. சகாயமேரி மறுபடி பல்லைக் கடித்தாள். அவளுடைய சேலையைப் பற்றிக்கொண்டு முக்கினாள்.

ராமக்கா வருவதற்குள் மூத்தது வந்துவிட்டது. பெண். வெளியே வரும்போதே வீறிட்டது. பாக்கியமேரி கொடியைக் கட்டி அறுத்து, துடைத்து, தாயின் மார்மேல் போட்டாள். "பொண்ணு. நல்லா இருக்குது. இன்னும் முடியல சகாயம், கண்ண மூடாத. இன்னும் ஒண்ணு இருக்குது."

இரண்டாவது அவ்வளவு சுலபமாக வரவில்லை. வலி நின்றுபோய்விட்டது. பாக்கியமேரி வயிற்றை நீவினாள், ஜெபம் சொன்னாள், திட்டினாள், கெஞ்சினாள். மறுபடி வலி எடுத்தபோது கால்கள்தான் முதலில் வந்தன. கடைசியில் தலை வந்தபோது சகாயமேரிக்குப் பாதி உணர்வுதான் இருந்தது. ஆனாலும் அவள் காது விழித்திருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தது.

அழுகை வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாக்கியமேரி எதையோ துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நீலமாக ஒரு சின்னக் கை தெரிந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலைக் கடந்து சமையல் கொட்டகைக்குள் போய்விட்டாள். படல் சாத்திக்கொண்டது.

"அக்கா, எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

மார்மேல் கிடந்த பெண் அழுதது. கொட்டகைப் பக்கம் அரவமே இல்லை.

"குடுங்க! எம்புள்ளயக் குடுத்துடுங்க!"

எழுந்திருக்க முயன்றாள். இடுப்புக்குக் கீழே உடம்பு அவளுடையதாக இல்லை. இளையது எனக்கு, பிறந்ததும் எடுத்துக்கறன் என்று சொன்னவள், சொன்னபடியே செய்துவிட்டாள். பின்பக்கம் படல் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் யாருக்குத் தெரியும்? செத்துப் பிறந்தது என்று சொல்லிவிட்டால் யார் கேட்பார்கள்? பெண்ணை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகையை ஊன்றித் தரையில் நகர்ந்தாள். வாசற்படிவரை போனபோது கொட்டகைக்குள்ளிருந்து குடத்துத் தண்ணீர் சளசளவென்று ஊற்றும் சத்தம் கேட்டது. கூடவே பாக்கியமேரியின் குரல், உடைந்து உடைந்து:

"அருளப்பா... பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே..."

சகாயமேரியின் கை அப்படியே ஓய்ந்தது. அது சாகக்கிடக்கும் பிள்ளைக்கு, பங்குச் சாமியார் வந்துசேர நேரமில்லாதபோது, வீட்டார் கொடுக்கும் ஞானஸ்நானம். பாக்கியமேரி பிள்ளையைத் திருடிக்கொண்டு போகவில்லை. வேலிக்கு வெளியே இன்னொரு பிள்ளையைப் புதைக்க விடமாட்டேன் என்று அடுப்பின் முன்னால் மண்டியிட்டிருக்கிறாள்.

அப்போது வந்த பயத்துக்கு முன்னால் அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. எடுத்துக்கொண்டாவது போகட்டும், எங்கேயாவது இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் என்று வாசற்படியில் கிடந்தபடி அவள் மாதாவைக் கூப்பிட்டாள்.

உள்ளே சதையில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஊதும் சத்தம் கேட்டது. மறுபடி அடி. பிறகு பூனைக்குட்டி தும்முவதுபோல ஒரு சத்தம். அதற்கப்புறம் இழுத்து இழுத்து, மெலிந்து, கோபமாக ஓர் அழுகை.

படல் திறந்தது. பாக்கியமேரியின் ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது. வாயோரம் ரத்தம், பிள்ளையின் மூக்கில் அடைத்திருந்ததை உறிஞ்சித் துப்பியிருந்தாள். வாசற்படியில் கிடந்தவளைக் கண்டதும் பதறிப்போய் உட்கார்ந்து, இளையதை அவளுடைய இன்னொரு கைக்குள் வைத்தாள்.

"பையன். தப்பிச்சிட்டான். அருளப்பன்னு கழுவிட்டன் சகாயம். எம்புள்ளைக்கு நெனச்சு வெச்சிருந்த பேரு, வேற வாயில வரல. ஒருக்காக் கழுவிட்டா மாத்த முடியாதுன்னு சாமியாரு சொல்லுவாரு... உங்கிட்டக் கேக்க நேரமில்ல."

ராமக்கா மூச்சிரைக்க வந்துசேர்ந்தபோது இரண்டு பெண்களும் அந்த வாசற்படியிலேயே கிடந்தார்கள். நஞ்சுக்கொடியை எடுத்து, உதிரப்போக்கை அடக்கி, கஷாயம் கொடுத்தாள். ஆனாலும் மறுநாளே சகாயமேரிக்கு ஜன்னி கண்டது. மொரப்பூரிலிருந்து திரும்பிய இன்னாசி அதே வண்டியில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண் தாயோடு போனது. பையனை வெளிக்காற்றில் கொண்டுபோனால் தாங்காது என்றாள் ராமக்கா. உள்ளங்கையளவுதான் இருந்தான். பாக்கியமேரி அவனைப் பஞ்சில் சுற்றி, தன் மார்போடு வைத்துச் சேலையால் இறுகக் கட்டிக்கொண்டாள். சமைக்கும்போதும் கட்டி, படுக்கும்போதும் கட்டி. பசிக்கும்போதெல்லாம் ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள்.

சகாயமேரி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது பையனுக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது. பாக்கியமேரி சேலை முடிச்சை அவிழ்த்து அவனை எடுத்துக் கொடுத்தாள். சகாயமேரி மார்பில் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். வீறிட்டு அழுதான்.

"பழகிக்குவான்," என்றாள் பாக்கியமேரி. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் போன திசைக்கே அவன் அழுதான்.

சாமியார் வந்தபோது பெண்ணுக்கு மிக்கேலம்மாள் என்று பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பையனுக்கு ஊற்றவில்லை. "இவனுக்குத்தான் ஆகிவிட்டதே," என்று சொல்லி எண்ணெய் மட்டும் பூசினார். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று கேட்டார். பாக்கியமேரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள், முன்னால் வரவில்லை.

அறுப்பு முடியும்வரை பையன் பாக்கியமேரி கையில்தான் பால் குடித்தான். அறுப்பு முடிந்தது. நல்லம்பள்ளிக்கு வண்டியில் சாமான் ஏறியது. கயிறு, பாத்திரம், மாதா படம், கோழிக்கூடை. சகாயமேரிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் கேட்பாள், இப்போது கேட்பாள் என்று ஒவ்வொரு முறை பாக்கியமேரி எதிரே வரும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டால் என்ன சொல்வது? மாட்டேன் என்று இனி எந்த வாயால் சொல்வது?

பாக்கியமேரி கேட்கவில்லை. ஆட்டைக் கொண்டுவந்து சகாயமேரியின் அறைப் பக்கம் கட்டினாள். பாலாடையைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். "காயாத பால் குடுத்துடாத. வயிறு உப்பும்."

"அக்கா, நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே?"

"கேட்டா நீ குடுத்துடுவ. அதுக்குத்தான் கேக்கல."

அன்று பையனை ஒரு தரம்கூடத் தூக்கவில்லை. தூளிப் பக்கம் பார்க்கவும் இல்லை. வண்டியில் ஏறி, சாமான்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தெருக்கோடி திரும்பும்வரை அந்த முதுகு அசையவே இல்லை.

வண்டி மறைந்ததுமே பையன் அழத் தொடங்கினான். மார்பைக் கொடுத்தால் துப்பினான், பாலாடையைக் கொடுத்தால் தட்டிவிட்டான். இன்னாசி தோளில் போட்டு நடந்தான். மாதுவின் மனைவி வந்து மடியில் போட்டுத் தட்டினாள். பாக்கியமேரி விட்டுப்போன பழஞ்சேலையில் சுற்றியபோது மட்டும் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டு சும்மா கிடந்தான். பிறகு வாசம் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை என்று கண்டுகொண்டவன்போல இன்னும் உரக்க அழுதான். மறுநாளும் அதே அழுகை. தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து அழுதான். பெண் தாய்ப்பாலைக் குடித்துவிட்டுத் தன்பாட்டுக்குத் தூங்கினாள்.

சகாயமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலாவுக்கு அடியில் சாதுவாகச் சுருண்டு கிடந்தவன்தான் இவன். இவனுக்காகத்தானே அவ்வளவு கத்தினாள்? பிடித்துவைத்தும் ஆயிற்று. பிடித்துவைத்ததில் பிள்ளைதான் தேய்ந்துகொண்டிருந்தான்.

"வண்டியக் கட்டுங்க," என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கா?" இன்னாசி பயந்துபோய் எழுந்தான்.

"நல்லம்பள்ளிக்கு. போயி அக்காவக் கூட்டிட்டு வாங்க. புள்ளயத் தூக்கிட்டுப் போவாதீங்க, இங்கியே இருக்கட்டும். அவுங்க வரணும். உங்கண்ணன் வேணா அங்க காட்டப் பாத்துக்கிட்டு வந்து போய் இருக்கட்டும். அக்கா இங்க இருக்கணும்னு நான் சொன்னன்னு சொல்லுங்க. நீங்க சொன்னதாச் சொல்லாதீங்க. நான் சொன்னன்னு சொல்லுங்க."

அடுத்த நாள் பொழுது சாயும்முன் வண்டி திரும்பியது. பாக்கியமேரி இறங்கினாள். உள்ளேயிருந்து பையனின் கம்மிய குரல் கேட்டதும் கால் ஓர் அடி முன்னால் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. தானாக உள்ளே போய்த் தூக்க அவளுக்குத் துணிவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சகாயமேரி அவனை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். அவன் முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டு, விக்கி விக்கி, அழுகையை நிறுத்தினான். அதைப் பார்ப்பது சகாயமேரிக்குச் சுலபமாக இல்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"ரெண்டு வேளை எங்கிட்டப் பால் குடிக்கணும்," என்றாள். "அழுதாலும் பழக்கணும். நீங்கதான் பழக்கணும்."

"பழக்கறன்."

"என்ன அம்மான்னுதான் கூப்புடணும்."

"பின்ன?" என்றாள் பாக்கியமேரி, பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே. "என்ன எப்பிடிக் கூப்புடறதுன்னு நீயே சொல்லு."

சகாயமேரி படியிலிருந்து விலகி வழிவிட்டாள். "அத அவனே பாத்துக்குவான். மொதல்ல உள்ள வாங்க. நீங்களும் ஒண்ணும் சாப்புட்ட மாதிரி தெரியல."